ஃப்ளாட் புக் பண்ணப் போறீங்களா? அதுக்கு முன்னாடி இந்தத் தாடிக்காரரைத் தெரிஞ்சுக்கோங்க!

பாளையங்கோட்டையிலிருந்து கே.டி.சி நகர் பக்கம் வண்டியில போயிருந்தா நீங்க கண்டிப்பா இந்த மாதிரி ஒரு போர்டைப் பார்த்திருப்பீங்க. ஆளுயரத்தை விடப் பல மடங்கு பெருசு. பச்சைப் பசேல்னு புல்வெளி, வரிசையா ராயல் பாம், நடுவுல சிரிச்சுக்கிட்டே நடக்குற ஒரு குடும்பம். படத்துல இருக்கிற ஆட்கள் நம்ம ஊர் ஆட்கள் இல்லை. மரங்களும் நம்ம ஊர் மரங்கள் இல்லை. போர்டுக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க. ஜே.சி.பி ஓடின தடம், மூடின வாய்க்கால், வேரோடு சாய்ச்சுப் போட்ட ஒரு வேம்பு. பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

அந்தப் போர்டு அங்கே நிக்கலாமா, அந்த மரம் சாயலாமா, எத்தனை மரம் வைக்கணும், எவ்வளவு இடம் காலியா விடணும்... இதையெல்லாம் கேட்கிறதுக்குன்னு நம்ம ஊர்ல ஒரு அமைப்பு இருக்கு. திருநெல்வேலி உள்ளூர் திட்டக் குழுமம். 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி வேலை செய்யுது. அதுக்கு முன்னாடி இருந்தது 1920-ம் வருஷத்து மெட்ராஸ் நகரத் திட்டச் சட்டம். அதுக்கும் முன்னாடி, நகரத் திட்டமிடல்னா என்னன்னு மெட்ராஸ் மாகாணத்துக்குச் சொல்லிக்கொடுக்க ஸ்காட்லாந்திலிருந்து ஒருத்தர் கப்பல் ஏறி வந்தார். பேர் பேட்ரிக் கெடிஸ். வயசு 60. நீளத் தாடி, கலைஞ்ச தலை, ஓயாத வாய்.

சிவில், ஆர்க்கிடெக்சர் படிச்சவங்களுக்கு இவர் பேர் பாடப்புத்தகத்துலயே வந்திருக்கும். மத்தவங்களுக்கு? ஃப்ளாட் வாங்குற எல்லாருக்குமே இவரைத் தெரிஞ்சிருக்கணும்ங்கிறது என் கட்சி. ஏன்னு படிச்சா புரியும்.

கண் தெரியாமப் போன தாவரவியல்காரர்

கெடிஸ் பிறந்தது 1854 அக்டோபர் 2, ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற ஊரில். அப்பா ராணுவத்தில் இருந்தவர். குடும்பம் பெர்த் நகரத்துக்கு அருகே ஒரு குன்றின் சரிவில் குடியேறியது. அங்கே வீட்டைச் சுற்றித் தோட்டம். செடி வைக்கவும், தண்ணி பாய்ச்சவும், மலை ஏறி ஊரை மேலேயிருந்து பார்க்கவும் பையனுக்கு அப்பாதான் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் அவர் செய்த எல்லா வேலைக்கும் விதை அந்தத் தோட்டத்தில் விழுந்தது என்று சொன்னால் மிகை இல்லை.

அப்புறம் நம்ம வீடுகள்ல நடக்குற அதே கதை. வீட்டில் சொன்னதற்காக ஒன்றரை வருஷம் பேங்க் வேலை பார்த்தார். பிடிக்கவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சேர்ந்தார், ஒரே வாரத்தில் வெளியே வந்தார். லண்டன் போய் உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் படித்தார். கடைசி வரை ஒரு பட்டம்கூட வாங்கவில்லை. ஆனால், 1888-ல் டண்டியில் தாவரவியல் பேராசிரியர் ஆகிவிட்டார். அதுவும் கோடைக்கால வகுப்பு மட்டும் எடுத்தால் போதும் என்ற மாதிரி ஒரு வேலை. மிச்ச மாசமெல்லாம் அவர் இஷ்டம். (அந்த வேலைக்கு இப்போ எங்கே அப்ளை பண்றதுன்னு கேக்காதீங்க.)

ஆனால், அதற்கு முன் ஒரு பெரிய அடி. 1879-ல் ஆய்வுக்காக மெக்சிகோ போன இடத்தில் கண்பார்வை போய்விட்டது. வாரக்கணக்கில் இருட்டறை. 25 வயசு, மைக்ராஸ்கோப்தான் வாழ்க்கை என்று நினைத்த பையன். ஜன்னல் கட்டங்களைக் கையால் தடவித் தடவி, எண்ணங்களை அந்தக் கட்டங்களுக்குள் அடுக்கி வைத்துப் பார்த்தார். பிறகு தாளை மடித்து அதே மாதிரி கட்டம் கட்டமாக யோசிக்கப் பழகினார். பார்வை திரும்பியது. ஆனால், மணிக்கணக்கில் மைக்ராஸ்கோப்பில் உட்கார முடியாது. சின்ன உயிரைப் பார்க்க முடியாத மனுஷன் பெரிய உயிரைப் பார்க்க ஆரம்பித்தார். அது ஊர்.

கல்யாணம் ஆன கையோடு சேரிக்குக் குடிபோனார்

1886-ல் ஆன்னா மார்ட்டனைத் திருமணம் செய்தார். அடுத்த வருஷமே தம்பதி எடின்பரோவின் பழைய நகரில், ஜேம்ஸ் கோர்ட் என்ற இடிந்து கிடந்த அடுக்கு வீடுகளுக்குக் குடிபோனார்கள். ஊரில் பணம் இருந்தவர்கள் எல்லாம் புது நகருக்குப் போய்விட்ட காலம் அது. மிச்சம் இருந்தது ஏழைகளும், சாக்கடை நாற்றமும், ஒரு அறைக்குள் ஒரு குடும்பமும்.

கெடிஸ் போய் யாருக்கும் லெக்சர் எடுக்கவில்லை. துடைப்பம் எடுத்தார். வெள்ளை அடித்தார். ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், அப்புறம் அவரும் ஒரு தொட்டி வைத்தார். மொத்த முற்றமும் மாறியது. லேண்ட்ஸ்கேப்பிங் என்றால் கட்டடம் முடிந்த பிறகு கடைசி வாரத்தில் லாரியில் கொண்டுவந்து விரிக்கிற புல் என்று அவர் நினைக்கவே இல்லை. அங்கே குடியிருப்பவர் தினமும் கையால் தொடுகிற செடி அது.

அடுத்து அவர் செய்ததுதான் நமக்கு ரொம்ப முக்கியம். அவரே ஒரு அபார்ட்மென்ட் புரமோட்டர் ஆனார்! எடின்பரோ கோட்டைக்குப் பக்கத்தில், 1890-களின் தொடக்கத்தில், ராம்ஸே கார்டன் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பை எழுப்பினார். சிவப்பும் வெள்ளையுமாக இன்றைக்கும் நிற்கிறது. போட்டோ தேடிப் பாருங்க, கோட்டைக்குப் போற டூரிஸ்ட் எல்லாம் கிளிக் பண்ற கட்டடம் அது. பேராசிரியர்களும் மாணவர்களும் ஒரே இடத்தில், பழைய நகரின் நடுவிலேயே வாழ வேண்டும் என்பது திட்டம். தானும் அங்கேயே ஒரு ஃப்ளாட்டில் குடியிருந்தார். தான் கட்டிய அபார்ட்மென்ட்டில் தானே குடும்பத்தோடு குடியிருக்கிற புரமோட்டர் அண்ணாச்சி உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா?

பணக் கணக்கில் மனுஷன் சுத்த மோசம். கடன் கழுத்தை நெரித்தது. கணக்கைத் தாங்கிப் பிடித்தவர் ஆன்னா. கடைசியில் நண்பர்கள் சேர்ந்து 1896-ல் ஒரு நிறுவனம் தொடங்கி அந்தக் கட்டடங்களை எடுத்துக்கொண்டார்கள்.

பின்னாளில் மகள் நோராவும் இதே வேலைக்கு வந்தார். பழைய நகரில் கேட்பாரற்றுக் கிடந்த சந்து பொந்துகளை எல்லாம் நடந்தே அளந்தார்கள். சின்னச் சின்னத் துண்டுகள்தான், சேர்த்தால் சுமார் 10 ஏக்கர். அதில் சிலவற்றைப் பொதுத் தோட்டமாக்கினார்கள். நோராதான் செடி வைத்தார், தெருப் பிள்ளைகள் தண்ணி ஊற்றினார்கள்.

எம்டன் மூழ்கடித்த பெட்டிகள்

1914-ல் மெட்ராஸ் கவர்னராக இருந்த பென்ட்லண்ட் பிரபு கெடிஸை அழைத்தார். ஊர்களைப் பற்றிய ஒரு பெரிய கண்காட்சி அவரிடம் இருந்தது. வரைபடங்கள், பழைய ஓவியங்கள், போட்டோக்கள் என்று வருஷக்கணக்கில் சேர்த்தது. ஒரு திட்டத்தை ஆபீஸ் அலமாரியில் வைக்கக் கூடாது, சுவரில் மாட்டி ஊரைக் கூப்பிட்டுக் காட்டணும் என்பது அவர் கொள்கை. மகன் அலஸ்டரோடு அவர் ஒரு கப்பலில் வந்தார். கண்காட்சி கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலில் வந்தது.

வரவில்லை. முதல் உலகப்போர் நேரம். செப்டம்பர் 22-ம் தேதி மெட்ராஸ் மேல குண்டு போட்டுட்டுப் போச்சே, எம்டன்... அதே ஜெர்மன் கப்பல் அக்டோபரில் மினிக்காய்க்குப் பக்கத்தில் கிளான் கிராண்டை மூழ்கடித்தது. கில்லாடியான ஆளைப் பார்த்து எம்டன்டான்னு நாம சொல்றோமே, அந்தச் சொல்லைத் தமிழுக்குக் கொடுத்த கப்பல்தான் கெடிஸின் வாழ்நாள் சேகரிப்பையும் கடலுக்கு அடியில் அனுப்பியது.

அவர் திரும்பிப் போகவில்லை. லண்டனில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக வேறு படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் மெட்ராஸில் கண்காட்சி நடந்தது. பிறகு அவர் மாகாணத்து ஊர்களுக்குள் நடக்கக் கிளம்பினார்.

தஞ்சாவூரில் ஒரு சண்டை

அந்தக் காலத்து முனிசிபல் இன்ஜினீயர்களுக்கு நெருக்கடியான தெரு என்றால் ஒரே மருந்துதான் தெரியும். மேப்பில் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போடு, கோட்டில் வர்ற வீட்டை எல்லாம் இடி. தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கும் அப்படி ஒரு திட்டம் தயாராக இருந்தது. கெடிஸ் அதே இடத்துக்குப் போய் வீடு வீடாக, சந்து சந்தாக நடந்தார். எது இடிந்து கிடக்கிறது, எது நன்றாக இருக்கிறது, எங்கே கிணறு, எங்கே மரம், எங்கே சின்னக் கோயில் என்று குறித்தார். அப்புறம் ஒரு மாற்றுப் படம் போட்டார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சின்ன முற்றமாக்கி, அங்கே மரம் வைக்கலாம். மற்ற வீடுகளைத் தொடவே வேண்டாம். அந்த இரண்டு படங்களும் இன்றைக்கும் உலகம் முழுக்க நகரத் திட்டமிடல் வகுப்புகளில் அடுத்தடுத்து வைத்துக் காட்டப்படுகின்றன.

இந்த முறைக்கு அவர் வைத்த பெயர், தமிழில் சொன்னால், காக்கும் அறுவை சிகிச்சை. கையை வெட்டாமல் கட்டியை மட்டும் எடுக்கிற டாக்டர் மாதிரி. செலவிலும் பெரிய மிச்சம். அதை விடப் பெரிய மிச்சம், யாரும் ஊரை விட்டுப் போக வேண்டாம்.

கோயில் ஊர்கள் அவரை மயக்கிவிட்டன. தேர் ஓடும் அகலமான வீதிகள், உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த சின்ன வீதிகள், தெப்பக்குளம், நந்தவனம். இதை யாரோ திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள், இங்கே வந்து ஐரோப்பாவைக் காப்பியடிக்கச் சொல்வது முட்டாள்தனம் என்பதுதான் அவர் கண்டது. காஞ்சிபுரத்தில் பெரிய கோபுரமும் தோட்டத்தோடு கூடிய சின்ன வீடும் ஒன்றை ஒன்று நசுக்காமல் இருப்பதை வியந்து எழுதினார். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ஆனித் தேரோட்டத்தன்னிக்கு ரத வீதியில் நின்னவங்களுக்கு அவர் சொல்றது சட்டுனு புரியும். அந்தக் கூட்டத்தையும் தேரையும் சேர்த்துத் தாங்குற அகலத்தை ரோடு வரதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே யோசிச்சு வெச்சவங்க நம்ம ஆட்கள்.

குளங்கள் விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். கொசு வருது, மூடுங்க என்றார்கள் சுகாதார அதிகாரிகள். மூடாதீங்க, தூர்வாருங்க, மீன் விடுங்க என்றார் இவர். கோடையில் ஊரைக் குளிர வைக்கும், மழையில் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் என்பது அவர் வாதம். நெல்லைக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வேய்ந்தான்குளத்துல பஸ் ஸ்டாண்ட் கட்டினோம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷனுக்குள்ளயும் கலெக்டர் ஆபீஸுக்குள்ளயும் வந்தப்போ, தண்ணிக்குத் தன் பழைய இடமெல்லாம் ஞாபகம் இருக்குன்னு கண்ணால பார்த்தோம்.

ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். இவரும் காலனி அரசாங்கம் கூப்பிட்டு வந்த வெள்ளைக்கார நிபுணர்தான். தாடிக்குள்ளயே முணுமுணுத்துப் பேசுவார், மணிக்கணக்கில் பேசுவார், பாதி பேருக்குப் புரியாது. அவர் எழுதின அறிக்கைகளில் பெரும்பகுதி காகிதமாகவே தங்கிவிட்டது. ஆனாலும் நடந்து பார்க்காமல் ஒரு தெருவைப் பற்றிக்கூட அவர் எழுதவில்லை. எனக்கு அவரைப் பிடிச்சதுக்கு அதுதான் காரணம்.

1917

அந்த வருஷம் ஏப்ரலில், பிரான்ஸ் போர்முனையில், மகன் அலஸ்டர் குண்டு விழுந்து இறந்தார். அப்பாவோடு இந்தியாவுக்குக் கப்பலில் வந்த அதே பையன். செய்தி வந்தபோது ஆன்னா இங்கே கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். கெடிஸ் அவரிடம் சொல்லவில்லை. தாமதமாக வந்து சேர்ந்துகொண்டிருந்த மகனின் பழைய கடிதங்களைப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். ஜூன் மாதம் ஆன்னா இறந்தார், மகன் போனது தெரியாமலேயே.

இதற்குப் பிறகு அவர் போன ஊர் இந்தூர். அங்கே பிளேக். ஜனங்கள் பயந்து கிடந்தார்கள். பிளான் போட வந்த இந்த வெள்ளைக்காரர் வீட்டை இடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஊரே அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. அவர் மகாராஜாவிடம் கேட்டது ஒன்றுதான். ஒரு நாள் ஊரை என்னிடம் கொடுங்கள். தீபாவளி ஊர்வலம் நடத்தினார். எந்தத் தெரு சுத்தமாக இருக்கிறதோ அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். அவ்வளவுதான், தெருவுக்குத் தெரு போட்டி. ஊரே கூட்டிப் பெருக்கியது, வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. துப்புரவுத் தொழிலாளர்கள் புதுத்துணி உடுத்தி, தலைப்பாகையில் பூ வைத்து, புதுத் துடைப்பத்தோடு ஊர்வலத்தில் நடந்தார்கள். 1917-18 காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. பிளேக் பரப்பும் எலியைப் பெரிய பொம்மையாகச் செய்து, ராவணனைக் கொளுத்துகிற மாதிரி கொளுத்தினார்கள். தொட்டியில் வைத்த துளசிச் செடிகளை வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். துளசி மாடம் இருக்கிற வீடு சுத்தமாகத்தான் இருக்கும் என்பதை இந்தியத் தெருக்களில் நடந்தே தெரிந்துகொண்டிருந்தார் அந்தத் தாவரவியல்காரர்.

இப்போ உங்க ஃப்ளாட்டுக்கு வருவோம்

கெடிஸ் கேட்ட மூணு விஷயமும் இன்னிக்குச் சட்டத்துல ஏதோ ஒரு வடிவத்துல இருக்கு. படத்தைச் சுவரில் மாட்டச் சொன்னாரே? 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, அதாவது ரெரா, அனுமதி வாங்கின பிளானை சைட்லயோ வேற இடத்துலயோ நீங்க பார்க்குற மாதிரி வைக்கணும். விளம்பரப் போர்டு பெருசா இருக்கும், இது எங்கேயாவது கதவுக்குப் பின்னாடி இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்க. போர்டுல காட்டின தோட்டமும் பிளான்ல இருக்கிற தோட்டமும் ஒண்ணான்னு பாருங்க. அதே சட்டத்தின் 12-வது பிரிவு, விளம்பரத்துல பொய் சொல்லி அதை நம்பி நீங்க நஷ்டப்பட்டா, நஷ்டஈடு கேட்கலாம்னு சொல்லுது. அந்த ராயல் பாம் வெறும் அலங்காரம் இல்லை பாஸ், வாக்குறுதி!

காலி இடம் கேட்டாரே? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேலான இடத்துல 10 சதவிகிதம் திறந்தவெளிக்கு ஒதுக்கணும். 10,000 சதுர மீட்டர் வரைக்கும் இடத்துக்குப் பதிலா பணம் கட்டித் தப்பிக்க வழி இருக்கு. அதைத் தாண்டினா இடமாத்தான் கொடுக்கணும். உங்க புரமோட்டர் இடம் விட்டாரா, பணம் கட்டினாரான்னு கேளுங்க. பணத்துல நிழல் விழாது.

மரம்? 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுற பெரிய திட்டமா இருந்தா சுற்றுச்சூழல் அனுமதி வேணும். அதுல 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம், வெட்டுற ஒவ்வொரு மரத்துக்கும் 10 மரம்னு மத்திய அரசு நிபந்தனை இருக்கு. என்ன மரம்ங்கிறதுலதான் எனக்கு மனத்தாங்கல். தாமிரபரணிக் கரையில மருதமரம் தானா வளருது, புங்கையும் பூவரசும் நாவலும் இந்த மண்ணுக்குப் பழக்கப்பட்டது. இவ்வளவு வெச்சுக்கிட்டு, மே மாச நெல்லை வெயில்ல தினமும் தண்ணி கேட்குற கொரியன் புல்லை எதுக்கு விரிக்கிறாங்க?

சாலையோர விளம்பரப் பலகைக்கு மாநகராட்சி ஆணையரோட உரிமம் வேணும். 2019-ல் சென்னைப் பள்ளிக்கரணையில பேனர் சரிஞ்சு, ஸ்கூட்டர்ல போன ஒரு இளம் பெண் இன்ஜினீயர் இறந்த பிறகும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கு.

கடைசித் தோட்டம்

கெடிஸ் 1919-லிருந்து 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். அந்தத் துறையைத் தொடங்கியதே அவர்தான். ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1920-ல் வெளியிட்டார். 1925-ல் டெல் அவீவ் நகருக்குத் திட்டம் போட்டபோது, பெரிய பெரிய பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிளாக்கின் நடுவிலும் குடியிருப்பவர்களுக்குப் பொதுவான தோட்டம் வைத்தார். வாகனமெல்லாம் வெளிப்பக்கம், பிள்ளைகள் உள்பக்கம்.

உடம்பு முடியாமல் பிரான்சின் மான்ட்பெல்லியருக்குப் போனார். ஊருக்கு வெளியே கல்லும் முள்ளுமாக ஒரு வறண்ட குன்று. அதில் மாணவர் விடுதி கட்டினார், கூடவே தோட்டம் போட்டார். முன்னே ஒரு தடவை வேண்டாம் என்று மறுத்திருந்த சர் பட்டத்தை 1932-ன் தொடக்கத்தில் வாங்கிக்கொண்டார். அதற்காக லண்டன் குளிரில் போய் நின்றது உடம்புக்கு ஆகவில்லை என்பார்கள். அந்த வருஷம் ஏப்ரல் 17-ம் தேதி, மான்ட்பெல்லியர் குன்றின் மேல், தான் வைத்த செடிகளுக்கு நடுவில் இறந்தார். 77 வயசு. கட்டடம் பாதி முடிந்தும் முடியாமலும் இருந்தது. மரங்கள் மட்டும் வேர் பிடித்திருந்தன.